தேனிலவுத் திகில்: தீவா, ஏரிக்கரை வீடா?

புதுமணத் தம்பதியை ஆளரவமற்ற இடத்துக்கு அனுப்பிப் பயமுறுத்தும் படங்களில் இரண்டு எனக்குப் பிடித்தவை: டேவிட் டூஹி இயக்கிய 'எ பெர்ஃபெக்ட் கெட்அவே' (2009), லீ ஜானியாக்கின் முதல் படமான 'ஹனிமூன்' (2014).

முன்னதில் ஆபத்து வெளியிலிருந்து வருகிறது. ஹவாயின் கவாயி தீவில் மலைப்பாதையில் நடக்கும் ஜோடிக்கு, புதுமணத் தம்பதி ஒன்று கொல்லப்பட்ட செய்தி கிடைக்கிறது. கொலையாளிகளும் ஒரு ஜோடியாம். வழியில் சந்திப்பவர்களில் யாரை நம்புவது? மில்லா ஜோவோவிச், ஸ்டீவ் ஸான், டிமோதி ஒலிஃபன்ட் மூவரும் அந்தச் சந்தேகத்தை நன்றாக ஊதிப் பெருக்குகிறார்கள். பின்பாதித் திருப்பம் சிலருக்கு ஏமாற்று வேலையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

'ஹனிமூன்' படத்தில் சந்தேகப்பட வெளியாள் தேவையே இல்லை. ஏரிக்கரை வீட்டில் ஓர் இரவு மனைவி காணாமல் போகிறாள். காட்டுக்குள் அவளைக் கண்டுபிடித்து அழைத்து வருகிறான் கணவன். அதன்பின் அவளுக்குக் காபி போடக்கூடத் தெரியவில்லை. தன்னைப் பற்றிய விவரங்களையே நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறாள். கண்ணாடி முன் நின்று, கணவனைத் தவிர்க்கத் தலைவலி என்று சொல்லிப் பழகுகிறாள். ரத்தமே இல்லாத அந்தக் காட்சியில்தான் எனக்கு முதுகு சில்லிட்டது. மனைவியாக வரும் ரோஸ் லெஸ்லியின் நடிப்பு அபாரம். முடிவு மட்டும் எல்லாவற்றையும் விளக்காமல் நழுவுகிறது.

நண்பர்களோடு ஊகித்து விளையாட 'எ பெர்ஃபெக்ட் கெட்அவே'. தனியாகப் பார்க்கத் துணிவிருந்தால் 'ஹனிமூன்'. புதிதாகத் திருமணமானவர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.