இணையவழி உளவியல் ஆலோசனை: 18 மாத அனுபவம்

நீண்டநாள் மனச்சோர்வும் தூக்கமின்மையும் துரத்த, ஒரு செயலியில் காணொளி வழியாக வாரம் ஒருமுறை 50 நிமிட ஆலோசனை பெறத் தொடங்கி 18 மாதங்கள் ஆகின்றன. இப்போது மாதம் ஒருமுறை மட்டும் பேசுகிறோம். திரையின் வழியே ஒருவர் இன்னொருவரின் மனத்துக்குத் துணைநிற்க முடியுமா என்ற ஐயத்தோடு தொடங்கினேன். முடியும் என்றே இன்று சொல்வேன்; ஆனால் அந்தப் பெருமை செயலியைவிட, திரையின் குறைகளை அறிந்து ஆலோசகர் செய்துவைத்த ஏற்பாடுகளுக்கே சேரும்.

முதல் அமர்வில் பாதிக்குமேல் நடைமுறை பேசுவதிலேயே கழிந்தது. அன்று அது எரிச்சலூட்டியது. "எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன்" என்றார் ஆலோசகர். நெருக்கடியில் அழைக்க வேண்டியவரின் எண்ணை வாங்கிக்கொண்டார். இணைப்பு அறுந்தால் அவரே தொலைபேசியில் அழைப்பார் என்பதும், என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் இரகசியம் காக்கும் உறுதி அங்கே தளரும் என்பதும் அன்றே சொல்லப்பட்டன. தொலைவில் இருப்பவருக்கு உதவி அனுப்ப முதலில் இடம் தெரிய வேண்டும் என்ற எளிய காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

திரையில் எல்லாவற்றையும்விடச் சிக்கலானது மௌனம். நேரில் ஒருவர் பேச்சை நிறுத்தினால் அவர் யோசிக்கிறார் என்றோ அழுகையை அடக்குகிறார் என்றோ தெரிந்துவிடும், காணொளியிலோ, படம் உறைந்துவிட்டதோ என்ற ஐயமே முந்திக்கொண்டு வர, "கேட்கிறதா?" என்ற ஒரு சொல்லில் சொல்ல வந்தது கலைந்துபோகும். மூன்றாவது அமர்விலேயே இதற்கு ஒரு வழி கண்டார்: நான் பேசாமலிருக்கும்போது அவர் விரலை மெல்ல அசைப்பார், இணைப்பு இருக்கிறது, அவசரமில்லை என்று அதற்குப் பொருள். அவர் குனிந்தால் குறிப்பு எழுதுகிறார் என்பதையும் முன்பே சொல்லிவைத்தார். திரை மூலையில் தெரியும் என் முகத்தை மறைத்துவிடச் சொன்னதும் அவர்தான். (கண்ணாடி முன் உட்கார்ந்து துயரம் சொல்ல யாருக்குத்தான் வரும்?) மேசைக்குக் கீழே ஆடும் கால் அவருக்குத் தெரியாது என்பதால், உடலில் என்ன நடக்கிறது என்று அடிக்கடி வாய்விட்டுக் கேட்பார்.

1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய, எண்ணங்களையும் பழக்கங்களையும் சோதித்து மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் வழியில்தான் எங்கள் வேலை பெரும்பாலும் நடந்தது. நேர்ந்த சூழல், எழுந்த எண்ணம், அதற்குச் சான்று, எதிர்ச்சான்று எனக் கட்டங்கள் கொண்ட பதிவேட்டை இருவரும் ஒரே ஆவணத்தில் திறந்து வைத்துக்கொண்டோம். நள்ளிரவில் எழுந்த எண்ணத்தை அந்த நேரத்திலேயே எழுதிவிட முடிந்தது இணையவழியால் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை. 'எல்லோருக்கும் நான் பாரம்' என்ற வரியை அவர் மறுக்கவில்லை; "இதை யார், எப்போது சொன்னார்கள்?" என்று மட்டும் கேட்டார். சான்றுக் கட்டம் மூன்று வாரம் காலியாகவே கிடந்தது.

மாதந்தோறும், மனச்சோர்வின் தீவிரத்தை அளக்கும் பிஎச்கியூ-9 வினாத்தாளை நிரப்பினேன். கடந்த இரு வாரங்களைப் பற்றிய 9 கேள்விகள், மொத்தம் 27 புள்ளிகள்; புள்ளி கூடினால் சோர்வும் கூடுதல் என்று பொருள். 17இல் தொடங்கிய நான் இப்போது 6இல் இருக்கிறேன். சாவைப் பற்றிய எண்ணங்களைக் கேட்கும் கடைசிக் கேள்விக்கு ஒருமுறை 'சில நாட்கள்' என்று குறித்தபோது, அன்றைக்கு வைத்திருந்த திட்டத்தை ஒதுக்கிவிட்டு முழு அமர்வையும் அதற்கே கொடுத்தார். நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கவும் அனுப்பினார். மருந்து எழுதிக்கொடுப்பது தன் வேலையல்ல என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

குறைகளும் உண்டு. செயலியில் செய்தி அனுப்பும் வசதி இருந்ததால் எந்நேரமும் ஆள் இருப்பார் என்று நானே எண்ணிக்கொண்டேன். ஓர் இரவு எழுதிய நீண்ட செய்திக்கு மறுநாள்தான் பதில் வந்தபோது மனம் புண்பட்டது. இந்த எல்லையைச் செயலி முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இல்லாதவர்களுக்கு இந்த முறை மிகவும் கடினம். நானே பல அமர்வுகளை நிறுத்திவைத்த காருக்குள் இருந்துதான் பேசினேன்.

நான் சற்றும் எதிர்பாராத இழப்பு, திரும்பி வரும் வழி. நேரில் போனால் வீடு சேரும்வரை அழுகை அடங்கவும் பேசியது உள்ளே படியவும் நேரம் இருக்கும். இங்கே அழைப்பு முடிந்த மறுநொடி அலுவலக மின்னஞ்சல் முன்னால் நிற்கும். அதனால் அமர்வுக்குப் பின் பத்து நிமிடம் எதையும் திறக்காமல் நடக்கச் சொன்னார். மாதம் ஒருமுறையாகக் குறைந்த பிறகும் அந்தப் பத்து நிமிடத்தை என் நாட்காட்டியிலிருந்து நான் எடுக்கவில்லை.