கிளிநொச்சியில் ஒரு இலவசச் சட்ட ஆலோசனை அறை

பரந்தனிலிருந்து பஸ் ஏறி மூன்று தடவை போனேன். முதல் இரண்டு தடவையும் “சட்டத்தரணி அம்மா வழக்கில்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டே கதிரைகள். அடுத்தவருடைய காணிப் பிணக்கு முழுவதும் என் காதில் விழுந்தது. என் கதையும் அவர் காதில் விழுந்திருக்கும்.

மூன்றாம் தடவை அந்த அம்மா என் மகளின் பிறப்புச் சான்றிதழை விரித்து, தகப்பன் பெயருக்குரிய இடத்தில் விரலை வைத்தார். வெறும் கோடு. நானும் மகளின் தாயும் மணம் முடிக்கவில்லை. இருவரும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்திட்டிருந்தால் என் பெயரையும் பதிந்திருப்பார்களாம். மணமாகாத பெற்றோரின் பிள்ளை சட்டப்படி தாயின் பொறுப்பில்தான். ஆனால் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் என்னையும் செலவு கொடுக்கச் சொல்கிறது. கொடுக்கிறேன். கொடுக்கும்போது மட்டும் நான் தகப்பனா என்று கேட்டேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது. இனி எனக்கு வேண்டியவை முன்பள்ளிப் பற்றுச்சீட்டு, கிளினிக் கொப்பி, மகளின் தாயோடு பேசிப் பார்க்க ஒரு நாள் என்று அரைத் தாளில் எழுதித் தந்தார்.

போகிறவர்கள் போட்டோக்கொப்பியை முன்கூட்டியே எடுத்துச் செல்லுங்கள். அங்கே இயந்திரம் இல்லை.