புதுப்பித்த நூதனசாலை: கொம்பறைக்காகவே போகலாம்

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த அரை, நெல் சேர்த்து வைக்கும் கொம்பறைக்கு.

முல்லைத்தீவு மாவட்டத்தில் எங்கள் பக்கத்துச் சிறிய நூதனசாலையைக் கூரை மாற்றி, வெள்ளையடித்து மீண்டும் திறந்திருக்கிறார்கள். முன்பு வௌவால் எச்சமும் கறையான் புற்றுமாகக் கிடந்த இடம். இப்போது வெளிச்சம் இருக்கிறது, கழிவறையில் தண்ணீர் வருகிறது, கட்டணமும் இல்லை.

கொம்பறையை முற்றத்தில் புதிதாகவே கட்டியிருக்கிறார்கள். வேலை தெரிந்த முதியவர்களை அழைத்து, தடிகளை வரிந்து, களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசவைத்திருக்கிறார்கள். பூச்சில் விரல் தடங்கள் அப்படியே தெரிகின்றன. ‘தொட்டுப் பார்க்கலாம்’ என்று எழுதி வைத்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும். நெல்லை உரப் பையில் மட்டுமே கண்ட பிள்ளைகள் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

உள்ளே வந்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. நான் மரவேலை செய்து சாப்பிடுபவன். ஒரு மாட்டுவண்டிலைக் கழுவித் துடைத்து, மினுங்க மினுங்க வார்னிஷ் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். சில்லின் நடுக் குடத்தில் ஊறியிருந்த பழைய எண்ணெய்க் கறுப்பு முழுவதும் போய்விட்டது. ‘தேக்கு’ என்கிறது விளக்கப் பலகை. சில்லின் குடமோ நல்ல முதிரை மரம், மஞ்சள் நாரைப் பார்த்தாலே தெரியும். இரும்புப் பட்டத்தைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த சூட்டோடு சில்லில் ஏற்றி, தண்ணீர் ஊற்றுவார்கள். குளிரும்போது இரும்பு சுருங்கி, குடம், ஆரக்கால், விளிம்பு வட்டை எல்லாவற்றையும் ஒன்றாக இறுக்கிப் பிடிக்கும். ஆணியை நம்பிச் செய்த வேலை இல்லை அது. இதைச் சொல்ல ஒரு வரி கிடையாது. ‘பண்டைய போக்குவரத்துச் சாதனம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். என் தகப்பனார் அப்படியொரு சாதனத்தில்தான் வைக்கோல் ஏற்றினார். அவர் பண்டைய மனிதர் இல்லை.

வெள்ளையரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியன் பகுதியில் படம் பெரிது, செய்தி கொஞ்சம். 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததைச் சரியாகச் சொல்கிறார்கள். அடுத்த வரியிலேயே அவரைக் கற்சிலைமடுவில் கொன்றுவிடுகிறார்கள். அங்கே வெள்ளையர் நட்ட கல்லில், 1803 அக்டோபர் 31ஆம் திகதி வெள்ளையர் படைக் கப்டன் வொன் டிறிபேர்க் அவரைத் தோற்கடித்தார் என்றுதான் இருந்தது. தோற்றவரெல்லாம் செத்தவரா? கல்லின் வாசகத்தை அப்படியே பெரிதாக எழுதி மாட்டினால் போதும்.

1803க்குப் பிறகு நேரே இன்றைய நெல் விளைச்சல் படங்கள். நடுவில் இந்த மண்ணில் எதுவும் நடக்கவில்லை போலும். 2009இல் சட்டி பானையோடும் காணி உறுதியோடும் முள்ளிவாய்க்கால் வரை போன சனம் சுற்றிலும் வாழ்கிறது. கேட்டால் ஆளுக்கொரு பொருள் தருவார்கள். தந்தவரின் பெயரையும் எழுதி வையுங்கள். இப்போதுள்ள உரல், உலக்கை, பெட்டகம் எதிலும் அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூட்டு. கூலி வேலைக்குப் போகிறவன் வேறு எந்த நாளில் பிள்ளைகளைக் கூட்டி வருவான்?

காலையிலேயே போங்கள், மதியத்துக்குப் பிறகு உள்ளே அவியும். வாகனத்தைப் பாலை மரத்தடியில் நிறுத்தலாம், பழக் காலத்தில் மட்டும் வேண்டாம். குரங்குகள் சைக்கிள் கூடையைக்கூட விட்டுவைப்பதில்லை.