எஞ்சின் உத்தரவாதத்தை நம்பி 3,488 சிங்கப்பூர் வெள்ளி கட்டினேன்

சிங்கப்பூரில் பழைய கார் வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் முதலில் உத்தரவாதத் தாளை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். என் தாளின் முகப்பில் 'எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஓராண்டு உத்தரவாதம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இரண்டாம் பக்கத்தின் அடியில் 'எண்ணெய் படும் உட்பாகங்களுக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த நான்கு சொற்களுக்குள் பிஸ்டன் அடங்கும், கியர் அடங்கும். சென்சார், பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில், வயர், எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி எதுவும் அடங்காது.

2024 மார்ச்சில் அந்தக் காரை வாங்கினேன். இங்கே கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழில் இன்னும் நான்கு ஆண்டு மீதமிருந்தது. ஜூலையில் ஒருநாள் அம்மாவை டான் டோக் செங் மருத்துவமனையில் கண் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றுவிட்டுத் திரும்பும் வழியில், தீவு விரைவுச்சாலையில் கார் உதறத் தொடங்கியது. எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னியது. அது மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியவில்லை என்று பொருள்; எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் அங்குள்ள வினையூக்கியையும் கெடுத்துவிடும். சாலையோரமாக நிறுத்தினேன். தரைப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, பணம் எதுவும் வாங்காமல் பக்கத்துக் கார் நிறுத்துமிடம் வரை இழுத்துப் போய் விட்டது. கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் வெளிச்சம் தாங்காமல், அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விற்றவரை அழைத்தேன். "எங்கள் பட்டறைக்கே அனுப்புங்கள், பார்த்துக்கொள்கிறோம்" என்றார். மறுநாள் மாலை பட்டறையிலிருந்து அழைப்பு வந்தது. கணினிப் பெட்டி போய்விட்டது, புதிது போட வேண்டும் என்றார்கள். என்ன சோதனை செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஸ்கேன் செய்தோம் சார்" என்பதோடு பேச்சு முடிந்தது. உத்தரவாதம் இருக்கிறதே என்றேன். "அது எலக்ட்ரானிக் பாகம், எஞ்சின் இல்லை." விற்றவரும் அதையே திருப்பிச் சொன்னார். அடுத்த வாரம் அம்மாவுக்கு மறுபடி மருத்துவமனையில் பரிசோதனை இருந்தது. கையெழுத்துப் போட்டேன். சோதனைக்கு 180, பெட்டிக்கு 2,450, அதில் மென்பொருள் ஏற்ற 220, கூலி 350, அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி: மொத்தம் 3,488 வெள்ளி. பழைய பெட்டியைக் கேட்டேன். கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்றார்கள்.

பதினோராம் நாள், நல்ல மழையில், அதே உதறல். அதே விளக்கு. பட்டறையில் இது வேறு கோளாறு என்றும், சோதனைக்கு மீண்டும் 180 வெள்ளி என்றும் சொன்னபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. வண்டியை எடுத்துக்கொண்டு சின் மிங்கில் இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். முப்பது ஆண்டாக இதே தொழிலில் இருக்கும் தமிழர். அவருடைய ஸ்கேனரில் பி0302 என்ற கோளாறு எண் வந்தது. "இரண்டாம் சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை தம்பி. அவ்வளவுதான் இது சொல்லும். ஏன் எரியவில்லை என்று நாம்தான் தேட வேண்டும்" என்றார்.

அவர் தேடிய விதத்தை ஒவ்வொரு கார்க்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினார். மூன்றாவதை இரண்டில் மாட்டினார். பதிவை அழித்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். சில நிமிடங்களில் உதறல் வந்தது. இப்போது திரையில் பி0303. காயில் போன இடத்துக்குக் கோளாறும் கூடவே போய்விட்டது. காயிலைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். கறுப்பு ரப்பர் உறையில் தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு. அதை ஒட்டி, மின்சாரம் கசிந்து ஓடிய சாம்பல் நிறக் கோடு. ஈரத்திலும் சூட்டிலும்தான் இது காலைவாரும், அதனால்தான் நடுவில் சில நாள் நன்றாக ஓடியது என்றார். புதுக் காயிலும் கூலியும் சேர்த்து 140 வெள்ளி. சோதனைக்கு ஆனது கால் மணி நேரம்.

பட்டறைக்காரர் யாராவது பெரிய பாகத்தை மாற்றச் சொன்னால், எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கோளாறு எண்ணை அழிப்பதற்கு முன்பே திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அழித்துவிட்டால் கோளாறு வந்த நேரத்தில் எஞ்சின் இருந்த நிலையின் பதிவும் சேர்ந்து போய்விடும். பழைய பாகம் எனக்கு வேண்டும் என்பதை வேலை தொடங்குவதற்கு முன்னரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான் வேலை முடிந்த பிறகுதான் கேட்டேன். அது என் தவறு.

பயனீட்டாளர் சங்கத்தில் முறையிடப் போனபோதுதான், குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் எனக்கு ஒழுங்காகப் புரிந்தது. 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. பழைய கார்களுக்கும் பொருந்தும். பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே அது இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். வயதுக்கேற்ற சாதாரணத் தேய்மானத்துக்கு இது உதவாது. காரின் வயதையும் விலையையும் பார்ப்பார்கள். ஆனால் விற்றவர் கொடுக்கும் உத்தரவாதத் தாளில் என்ன பொடி எழுத்து இருந்தாலும் இந்த உரிமை தனியாக நிற்கும். அதுவரை நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டுதான் அவரோடு வாதாடிக்கொண்டிருந்தேன்!

சங்கத்தின் கடிதத்துக்கு விற்றவரிடமிருந்து பதில் இல்லை. சிறு கோரல்கள் நடுவர் மன்றத்தில் இணையம் வழியே விண்ணப்பித்தேன். 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைக்க முடியாது, தேவையுமில்லை. என் கோரலுக்குக் கட்டணம் 10 வெள்ளி. பில், தொலைபேசிச் செய்திகள், இரண்டு ஸ்கேன் படங்கள், சின் மிங் மெக்கானிக் எழுதித் தந்த ஒரு பக்கக் குறிப்பு, ஒரு பிளாஸ்டிக் பையில் அந்தக் காயில். இவ்வளவுதான் கொண்டு போனேன்.

பதிவாளர் முன் நடந்த முதல் சந்திப்பிலேயே விற்றவர் 2,900 வெள்ளிக்கு இறங்கி வந்தார். நவம்பரில் பணம் கணக்கில் விழுந்தது. மீதி 588 வெள்ளி போனது போனதுதான். அந்தப் பழைய கணினிப் பெட்டியையும் எழுத்துமூலம் கேட்டிருந்தேன்; அது இன்றுவரை என் கைக்கு வரவில்லை.