எல்பி60எக்ஸ் ரெக்கோட் பிளேயர்: யாழ்ப்பாணத்தில் ஜாஸ் கேட்பவருக்குப் போதுமா?

ஓடியோ டெக்னிக்காவின் ஏடி-எல்பி60எக்ஸ் 2019 இல் வந்த, பெல்ட்டில் ஓடும் தானியங்கி ரெக்கோட் பிளேயர். முன்பக்கப் பட்டனை அழுத்தினால் ஊசி பூட்டிய கை தானே எழுந்து ரெக்கோட் தட்டின் விளிம்புக்குப் போய் ஊசியை இறக்கும். பக்கம் முடிந்ததும் தானே திரும்பி வந்து படுத்துவிடும். நாலு பேர் கூடியிருந்து 304 விளையாடும் வீட்டில் இதன் அருமை தெரியும். எல்பியின், அதாவது 33⅓ வேகத்தில் ஓடும் பெரிய தட்டின், ஒரு பக்கம் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். கையில் சீட்டை வைத்துக்கொண்டு யார் எழும்பிப் போய் ஊசியைத் தூக்குவது?

அந்த வசதிக்குப் பதிலாக விட்டுக்கொடுப்பது இரண்டு. ஊசி தட்டில் அழுத்தும் பாரத்தை மாற்ற முடியாது. ஊசியின் அசைவை ஒலிச் சிக்னலாக மாற்றும் கார்ட்ரிட்ஜையும் மாற்ற முடியாது, ஊசியை மட்டும்தான் மாற்றலாம். பாரம் 3 கிராம் அளவில் நிற்கிறது. விலை கூடிய பிளேயர்களில் 2 கிராம்தான் வழக்கம். 3 கிராம் தட்டைக் கொல்லாது. ஆனால் புழுதியோடு சேர்ந்த 3 கிராம் அரத்தாள் மாதிரி. ஆகவே இந்த மெஷினை வாங்குகிறவர் தட்டுக் கழுவவும் பழகவேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

வாங்க முதல் வீட்டு அலுமாரியைத் திறந்து, என்ன தட்டு இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்க ஜாஸ் குழுக்களான டேவ் புரூபெக் குவார்ட்டெட் 1958 இலும் டியூக் எலிங்டன் குழு 1963 இலும் இலங்கையில் வாசித்துவிட்டுப் போனவர்கள்தான். என்றாலும் இங்கே ஒரு பழைய வீட்டில் ஜாஸ் எல்பி அகப்படுவது லொத்தர் விழுவது மாதிரி. அகப்படுவதில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 78 தரம் சுற்றும் 78 வேகத் தட்டுகள்: நாதஸ்வரம், பழைய சினிமாப் பாட்டு. பாரமாக இருக்கும், கீழே விழுந்தால் பீங்கான் போல உடையும். எல்பி60எக்ஸ் அவற்றை வாசிக்காது. அதில் இருப்பது 33⅓, 45 என்ற இரண்டு வேகங்கள் மட்டும். வேகத்தை எப்படியாவது கூட்டினாலும் பயனில்லை, ஏனெனில் 78 தட்டின் பள்ளம் எல்பியின் பள்ளத்தைவிடப் பல மடங்கு அகலம். எல்பி ஊசி அதன் அடியில் கிடந்து அழுக்கைக் கிண்டுமே தவிரப் பாட்டை எடுக்காது. தாத்தாவின் தட்டுகளும் ஓடவேண்டும் என்றால் இதே கம்பனியின் எல்பி120எக்ஸ் பக்கம் பாருங்கள். அதில் 78 வேகம் உண்டு, பாரத்தையும் மாற்றலாம். 78க்கென்று அகலமான ஊசியைத் தனியாக வாங்கிப் பூட்டவேண்டும்.

10 அங்குலத் தட்டுகளிலும் ஒரு சிக்கல். புளூ நோட், பிரெஸ்டீஜ் போன்ற கம்பனிகள் 1950களின் தொடக்கத்தில் ஜாஸை 10 அங்குல எல்பிகளாகவே வெளியிட்டன. இந்தப் பிளேயரின் அளவுப் பட்டனில் 7, 12 என்ற இரண்டுதான் உண்டு. 10 அங்குலத் தட்டைப் போட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ஊசி ஃபெல்ட் துணி விரிப்பில் இறங்கி நாசமாகும். மேலே தூக்கும் பட்டனை அழுத்தி, கையை விரலால் நகர்த்தி விளிம்புக்கு மேலே கொண்டுபோய், பிறகு இறக்குங்கள்.

பூட்டுவது பத்து நிமிட வேலை. சுழல்தட்டின் உள்வளையத்தில் பெல்ட் ஏற்கெனவே சுற்றியிருக்கும், அதில் ஒரு சிவப்பு நாடா கோத்திருக்கும். சுழல்தட்டை அச்சில் இருத்தி, அதிலுள்ள துவாரத்தை மோட்டாரின் பித்தளைக் கப்பிக்கு நேரே கொண்டுவந்து, நாடாவைப் பிடித்து இழுத்துப் பெல்ட்டைக் கப்பியில் மாட்டி, நாடாவை உருவி எடுத்துவிடவேண்டும். இந்த இடத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். பெல்ட் முறுகி ஏறினால் பாட்டு அலைபோல ஏறி இறங்கும். மாட்டியவுடன் கரண்ட் கொடுக்காமல், சுழல்தட்டைக் கையால் பத்துத் தரம் சுற்றிவிடுங்கள். முறுக்கு தானே விடும். ஊசிக் கையைக் கட்டியிருக்கும் கம்பியை அவிழ்க்காமல் ஸ்டார்ட் பட்டனை அழுத்துவது அடுத்த பிழை. உள்ளே பல்லுச் சக்கரங்கள் கையைத் தள்ளப் பார்க்கும், கை அசையாது, சக்கரம் கடகடக்கும்.

கால்களை உயர்த்திப் பதிக்கும் திருகு இதில் இல்லை. போனில் உள்ள மட்டக்கோலைச் சுழல்தட்டின் மேல் வைத்துப் பார்த்து, மேசைக் காலுக்குக் கீழே மட்டையை மடித்து வையுங்கள். சரிந்து நின்றால் ஊசி பள்ளத்தை விட்டுத் தாவும். தாவுகிறதே என்று ஊசிக் கையின் தலையில் ரூபாக் குற்றி வைக்கும் பழைய வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

எங்கள் வீடுகளின் சீமெந்துத் தரை இந்த விடயத்தில் ஒரு வரம். நடந்தால் அதிராது. ஆனால் ஸ்பீக்கரையும் பிளேயரையும் ஒரே மேசையில் வைத்தால் அந்த வரம் வீண். டபுள் பேஸின் கீழ்ச் சுரம் மேசை வழியாக ஊசிக்கு ஏறி, திரும்பவும் ஸ்பீக்கருக்குப் போய், ஊளையாக மாறும். ஸ்பீக்கரைத் தனி ஸ்டூலில் வையுங்கள்.

பின்பக்கத்தில் ஃபோனோ, லைன் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. சாதாரண ஸ்பீக்கரின் ஒக்ஸ் துளைக்கு லைன். பழைய அம்பிளிஃபயரில் ஃபோனோ என்று எழுதிய துளை இருந்தால் மட்டும் ஃபோனோ. மாறிப்போனால் இரண்டு விதமாகத் தெரியும். ஃபோனோவில் வைத்து ஒக்ஸில் குத்தினால் ஒலி ஈனமாக, பேஸ் இல்லாமல், கீச்சென்று வரும். தட்டில் பேஸைக் குறைத்துத்தான் வெட்டுகிறார்கள், அதைத் திரும்பக் கூட்டும் வேலை நடக்காததால் அப்படி. லைனில் வைத்து ஃபோனோ துளையில் குத்தினால் எல்லாம் வெடித்துக் கரகரக்கும்.

இரைச்சல் வந்தால் முதலில் சீலிங் ஃபேனை நிறுத்திப் பாருங்கள். திருகுகிற இலத்திரனியல் ரெகுலேட்டர்கள் கரண்டை வெட்டி வெட்டி விடுவதால் 'ர்ர்ர்' என்ற ஒலி வயரில் ஏறும். ஃபேனை முழு வேகத்தில் விட்டால் அது பெரும்பாலும் அடங்கும். அதுவுமில்லை என்றால் சிக்னல் வயரை அடப்டரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள்.

கரண்ட் விடயத்தில் இது பழைய ரேடியோகிராம்களை விட நல்லது. அவற்றின் மோட்டார் 50 ஹேர்ட்ஸ் கரண்டை நம்பி ஓடியது, ஜெனரேட்டரில் போட்டால் சுருதி தள்ளாடும். எல்பி60எக்ஸின் மோட்டார் அடப்டரிலிருந்து வரும் டிசியில் ஓடுவதால் அந்தக் கரைச்சல் இல்லை. ஆனால் பாட்டின் நடுவே கரண்ட் போனால், ஊசி போன இடத்திலேயே தட்டில் ஊன்றி நிற்கும். தூக்கிவிடுங்கள்.

இனி ஒலி. டெனர் சாக்ஸபோன், பியானோவின் இடதுகைப் பக்கம், டபுள் பேஸ் எல்லாம் நிறைவாகவே வருகின்றன. பேஸ் கொஞ்சம் தடிப்பு என்றுகூடச் சொல்லலாம். குறை மேலே இருக்கிறது. தவிலில் தொப்பியில் விழும் குச்சி அடியையும் வலந்தலையில் விழும் கூட்டு விரல் அடியையும் பிரித்துக் கேட்டுப் பழகிய இணுவில், அளவெட்டிக் காதுகளுக்கு இது உடனே பிடிபடும். ட்ரம்ஸின் ரைட் சிம்பல் என்ற வெண்கலத் தட்டில் குச்சி படும் 'டிங்' தனியாகவும் அதன் பின்னால் பரவும் மினுக்கம் தனியாகவும் கேட்கவேண்டும். இதில் இரண்டும் சற்றுக் கலந்து, குச்சியின் கூர் மழுங்கித்தான் வருகிறது. பிரஷ்ஷால் ஸ்னேர் ட்ரம்மைத் தடவும் மெதுவான பாட்டுகளில் இந்தக் குறை இன்னும் தெரியும்.

பக்கத்தின் கடைசிப் பாட்டில் குறை கூடும். அதற்குக் காரணம் கணக்கு. 33⅓ வேகத்தில் வெளி விளிம்பில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 51 செ.மீ. பள்ளம் ஊசிக்குக் கீழே ஓடுகிறது. லேபிளுக்குக் கிட்ட அது 21 செ.மீ. ஆகக் குறைகிறது. அதே ஒலியைப் பாதிக்கும் குறைந்த நீளத்துக்குள் நெருக்கி எழுதவேண்டியிருக்கிறது. இந்தப் பிளேயரில் வருவது உருண்டை முனை ஊசி. நெருக்கமான வளைவுகளுக்குள் அது முழுதாக இறங்காது. அடைப்பு வைத்த ட்ரம்பெட் கடைசிப் பாட்டில் கரகரப்பது இதனால்தான். பக்கத்துக்கு 25 நிமிடத்துக்கு மேல் அடைத்த தட்டுகளில் இது மோசம், 45 வேகத்தில் வெட்டிய 12 அங்குலத் தட்டுகளில் அநேகமாக இல்லை. இதே கார்ட்ரிட்ஜுக்கு நீள்வட்ட முனை ஊசிகளை வேறு கம்பனிகள் விற்கின்றன. கரகரப்பு குறையும். ஆனால் சிறிய முனையில் அதே 3 கிராம் விழும்போது பள்ளச்சுவரில் அழுத்தம் கூடுகிறது. விலைமதிப்பான தட்டு வைத்திருப்பவருக்கு அந்த வியாபாரம் கட்டாது.

சுருதி சரியா என்று பார்க்க, நீண்டு ஒலிக்கும் பியானோச் சுரத்தைக் கேளுங்கள். ஆர்மோனியமோ கீபோர்ட்டோ கையில் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு எச்சரிக்கை: இந்தச் சோதனைக்கு ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959 எல்பி 'கைண்ட் ஒஃப் புளூ'வின் முதற்பக்கத்தை எடுக்காதீர்கள். ஒலிப்பதிவு நாளில் டேப் மெஷின் மெதுவாக ஓடியதால் பழைய பதிப்புகளில் அந்தப் பக்கம் சற்று உயர்ந்த சுருதியில்தான் ஒலிக்கும், 1990களில்தான் திருத்தினார்கள். பிளேயர் பாவம்.

கழுவல். குடாநாட்டின் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கல்சியம் கிணற்றுத் தண்ணீரில் கழுவிய தட்டின் பள்ளத்திலும் காய்ந்து ஒட்டும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் டிக், டிக் என்று கேட்கும், துடைத்தாலும் போகாது. கழுவுவதற்கு முன்பைவிட மோசமாகக் கேட்கிறது என்று தட்டைக் குறைசொல்பவர்கள் முதலில் தண்ணீரைப் பார்க்கவேண்டும். காய்ச்சி வடித்த நீரையே பாவியுங்கள். கார் பற்றறிக்கு விற்கும் தண்ணீரும் சரிதான், அசிட் கலக்காத வெறும் தண்ணீர்தானா என்று லேபிளை வாசித்து வாங்கவேண்டும்.

ஒரு லீற்றருக்கு வாசனை குறைந்த பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று துளி போதும். நுரை கூடினால் அலசத்தான் தண்ணீர் வீண். எல்பியாக இருந்தால் 100 மில்லிலீற்றர் ஐசோபுரோபைல் அல்கஹோல் சேர்க்கலாம், கெதியாகக் காயும். 78 தட்டுக்கு அல்கஹோல் ஒரு சொட்டும் ஆகாது. அது அரக்கில் செய்தது, கரைந்துவிடும். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிகல் ஸ்பிரிட்டில் எண்ணெய் சேர்ந்திருக்கக்கூடும், அதையும் தவிருங்கள். லேபிளை ஒரு பிளாஸ்டிக் மூடியால் பொத்திக்கொண்டு, மென்மையான துணியால் பள்ளம் போகும் போக்கிலேயே வட்டமாகத் தேயுங்கள், குறுக்கே வேண்டாம். பிறகு திரவம் கலக்காத வடித்த நீரால் இன்னொரு தரம் அலசவேண்டும். சோம்பலில் இதை விட்டால் சோப்பு காய்ந்து ஊசி முனையில் வெள்ளைப் பசையாக உருளும். கோப்பை அடுக்கும் தட்டியில் நிமிர்த்தி, நிழலில், ஃபேன் இல்லாமல் காயவிடுங்கள். ஃபேன் காற்று புழுதியைக் கொண்டுவந்து ஈரத்தில் ஒட்டும்.

வைப்பதில் இரண்டு பருவம், இரண்டு எதிரி. சித்திரை, வைகாசி வெக்கையில் பின்னேர வெயில் விழும் யன்னலடியில் தட்டை வைத்தால் வளையும். பூட்டிய காருக்குள் விட்டால் ஒரு மத்தியானமே போதும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை, அப்போது காகித உறைக்குள் பூஞ்சணம். உட்காகிதத்தை மாற்றிப் பொலித்தீன் உறை போடுங்கள். மொத்தமான, மணக்கும் பிவிசி உறை வேண்டாம். அது காலப்போக்கில் தட்டின் மேல் மங்கலாகப் படரும். கறையான் சுவர்வழியே வருவதால் அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைப்பது நல்லது. தட்டுகள் எப்போதும் நிமிர்ந்தே நிற்கவேண்டும். உறையோடு 50 எல்பி 12 கிலோ அளவில் வரும், மெல்லிய பலகை தொய்யும்.

கொழும்பில் வாங்கி யாழ்தேவியில் கொண்டுவருபவர்கள் இரு புறமும் தடித்த மட்டை வைத்துக் கட்டி, காலடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். சாமான் வைக்கும் மேல்தட்டில் படுக்கப்போட்டால் அனுராதபுரம் தாண்ட முதலே யாராவது ஒரு சூட்கேஸைத் தூக்கி மேலே வைத்துவிடுவார்கள்.

ஊசிக்கு 400 மணித்தியாலம் என்று கணக்கு வைக்கலாம். நாளுக்கு ஒரு எல்பி என்றால் 600 நாள். மாற்று ஊசியின் பெயர் ஏடிஎன்3600எல். முன்விளிம்பைக் கீழ்நோக்கி இழுத்தால் பழையது கழன்றுவரும். புதியதைப் பின்பக்கம் கீழாகச் சரித்துச் செருகி, 'டக்' என்று கேட்கும்வரை முன்பக்கத்தை மேலே அமத்துங்கள். அந்தச் சத்தம் வராமல் தட்டில் இறக்கினால் கார்ட்ரிட்ஜின் உடல் பாகம் தட்டில் உரசும். ஒவ்வொரு பக்கத்துக்குப் பிறகும் காய்ந்த சின்னத் தூரிகையால் பின்னாலிருந்து முன்னாக ஒரு தரம் துடையுங்கள். பக்கவாட்டில் துடைத்தால் ஊசி பிடித்திருக்கும் கம்பி வளையும், விரலால் தொட்டால் முறியும்.