டிசைன் டிகிரி என்று பணம் கட்டும் முன் ரசீதைப் படியுங்கள்

கிராஃபிக் டிசைன் படிப்பில் ஏமாந்தவர்களின் காகிதங்களை மேசையில் பரப்பினால் பெரும்பாலும் நாலு காகிதம் இருக்கும், நாலிலும் நாலு பெயர் இருக்கும். பிராஸ்பெக்டஸ் அட்டையில் ஒரு ‘டிசைன் ஸ்கூல்’. பணம் வாங்கிய ரசீதில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. மாதாமாதம் தவணை பிடிப்பது ஒரு நிதி நிறுவனம். மூன்று வருடம் கழித்துக் கைக்கு வந்த மதிப்பெண் பட்டியலில் ஏதோ ஒரு வெளிமாநிலப் பல்கலைக்கழகம். அதிலும் பாடம் டிசைன் இல்லை, தொலைதூர வழி பி.பி.ஏ. டிசைன் படித்ததற்கு அந்த ஸ்கூலே அச்சடித்துக் கொடுத்த டிப்ளமோ தனியாக இருக்கும். எம்.எஃப்.ஏ. என்ற கவின்கலை முதுகலைப் படிப்பில் சேரப் போகும்போதோ, டிகிரியில் பாடத்தின் பெயரைப் பார்க்கும் வேலைக்கு மனுப் போடும்போதோதான் குட்டு உடைகிறது. இது ஒரே ஊரில் ஒரே இடத்தில் நடப்பதல்ல. இன்றைக்கு ஒரு போர்டைச் சொன்னால் அடுத்த ஜூனில் அந்த போர்டே மாறியிருக்கும் என்பதால், நடக்கும் முறையைத்தான் இங்கே சொல்கிறோம்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு டிசைன் தேடத் தொடங்குபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். தேசிய டிசைன் நிறுவனமான என்.ஐ.டி.யின் டாட் தேர்வு, ஐ.ஐ.டி.களின் பி.டெஸ். என்ற டிசைன் பட்டப்படிப்புச் சேர்க்கைக்கான யூசீட், ஃபேஷன் நிறுவனமான நிஃப்டின் நுழைவுத் தேர்வு இவற்றின் விண்ணப்பங்கள் முந்தைய ஆண்டு இறுதியிலேயே தொடங்கிவிடும். முதல் கட்டத் தேர்வுகள் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் முடிந்துவிடும். மே மாதம் அந்தக் கதவுகள் மூடியிருக்கும். இது அட்மிஷனுக்காக போன் போடும் டெலிகாலருக்கும் தெரியும். “நிஃப்ட் எழுதலையா? பரவாயில்ல, அதே சிலபஸ்தான் இங்கேயும்” என்று பேச்சு தொடங்கும். என்.ஐ.டி.யில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் மேற்கொண்டு பேச வேண்டாம். அங்கே அப்படியொரு கோட்டாவே கிடையாது.

அடுத்து ‘அங்கீகாரம்’. 1956ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி டிகிரி கொடுக்கும் உரிமை மூவருக்குத்தான்: மத்திய, மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம். கல்லூரி என்றால் அது ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் இருந்தாக வேண்டும். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் மற்ற சான்றுகளுக்கும் டிகிரிக்கும் சம்பந்தமில்லை. உத்யம் என்ற சிறுதொழில் பதிவு யாரும் ஆன்லைனில் இலவசமாக, தானே விவரம் கொடுத்து எடுத்துக்கொள்வது. ஐ.எஸ்.ஓ. 9001 நிர்வாக முறைக்கான சான்று. ‘அரசு பதிவு பெற்றது’ என்றால் பதிவுத் துறையிலோ கம்பெனிப் பதிவாளரிடமோ பெயர் இருக்கிறது, அவ்வளவே. ‘யுஜிசி அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்துடன் இணைந்து’ என்ற வரியையும் நிறுத்திப் படியுங்கள். அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு, இந்த மாடிக் கட்டடத்துக்கு அல்ல. அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் இந்த வளாகத்தின் முகவரியும், இந்தக் கோர்ஸின் பெயரும், டிகிரியின் சரியான பெயரும் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இருந்து ஒன்று இல்லையென்றாலும் சேர வேண்டாம்.

தொலைதூர வழி என்றால் இன்னும் கவனம் தேவை. தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்தக் கூடாத படிப்புகள் என்று யுஜிசி வெளியிட்ட பட்டியலில் விஷுவல் ஆர்ட்ஸும் இருக்கிறது. அதனால்தான் மதிப்பெண் பட்டியலில் பி.பி.ஏ.வோ பி.ஏ.வோ வருகிறது: டிசைனை அந்த வழியில் கொடுக்க முடியாதவர்கள், கொடுக்க முடிகிற எதையோ வாங்கி ஒட்டிக் கொடுக்கிறார்கள். தொலைதூரப் படிப்பைத் தனியார் மையங்களுக்கு ஃபிராஞ்சைஸாக விடுவதற்கும் அனுமதி இல்லை. 2024 முதல் தொலைதூர, ஆன்லைன் மாணவர்கள் யுஜிசியின் தளத்தில் தாங்களே டெப் ஐடி (தொலைதூரக் கல்விப் பிரிவின் அடையாள எண்) உருவாக்கித்தான் சேர முடியும். “டெப் ஐடி எப்போது எடுக்க வேண்டும்?” என்று கவுன்சலரிடம் கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்று பதில் வந்தால், உங்களுக்கு ரெகுலர் கோர்ஸ் என்று விற்கப்படுவது ரெகுலர் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

தேடிப் பார்க்க நேரமில்லாதவர்களுக்கு எளிய சோதனை ரசீது. சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட தகுதிக்காகப் பாடத்திட்டப்படி நடக்கும் கல்விக்கு ஜிஎஸ்டி கிடையாது. வணிகப் பயிற்சிக்கு 18 சதவீதம். கட்டணம் 3 லட்சம், வரி 54,000, மொத்தம் 3,54,000 என்று ரசீது இருந்தால், தாங்கள் நடத்துவது டிகிரிப் படிப்பு இல்லை என்று அந்தக் கம்பெனியே வரித் துறையிடம் எழுதிக் கொடுத்திருக்கிறது. சில இடங்களில் கட்டணத்தை இரண்டாகப் பிரிப்பார்கள்: சிறு தொகை பல்கலைக்கழகத்துக்கு வரியில்லாமல், பெருந்தொகை கம்பெனிக்கு வரியோடு. அப்போது பெருந்தொகை எதற்குப் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், வரி போடவில்லை என்பதாலேயே அது நல்ல இடம் ஆகிவிடாது. வரி ஏய்ப்பவர்களும் வரி போடாமல்தான் ரசீது தருவார்கள். ரசீதே தராமல் ஜிபேயில் தனி ஆள் எண்ணுக்கு ‘சீட் பிளாக்’ தொகை கேட்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பணம் போகும் வழியில் பெரிய பொறி ‘நோ காஸ்ட் இஎம்ஐ’. அட்மிஷன் மேசையிலேயே டேப்லெட்டை நீட்டி, அப்பாவின் ஆதாருக்கு வரும் ஓடிபியைக் கேட்பார்கள். ‘ஃபீஸ் தவணை’ என்பார்கள். உண்மையில் அது அப்பாவின் பெயரில் ஒரு தனிநபர் கடன். நிதி நிறுவனம் வட்டியைக் கழித்துக்கொண்டு மீதிக் கட்டணம் முழுவதையும் கம்பெனிக்கு முதலிலேயே கொடுத்துவிடும். 24 மாதம், மாதம் 14,750 என்று கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும். நாலாவது மாதம் ஆசிரியர் நின்றுபோனாலும், வகுப்பே நின்றுபோனாலும், கம்பெனிக்கு நஷ்டமில்லை, அவர்கள் பணம் வந்தாயிற்று. தவணை நின்றால் அடிபடுவது அப்பாவின் சிபில் ஸ்கோர். ஓடிபி சொல்வதற்கு முன் கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’ என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். கடனிலிருந்து அபராதமில்லாமல் விலகும் ‘கூலிங்-ஆஃப்’ காலம் எத்தனை நாள் என்று அதில் இருக்க வேண்டும். அந்தக் காலம் மிகக் குறைவாகவே இருக்கும். விலக நினைத்தால் கம்பெனிக்கும் நிதி நிறுவனத்துக்கும் ஒரே நாளில் மெயில் போட வேண்டும். கம்பெனிக்கு மட்டும் எழுதினால் அவர்கள் “பேசிட்டு சொல்றோம்” என்றே அந்த நாட்களைக் கடத்திவிடுவார்கள்.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் பாடம் மோசமாக இருக்கும் இடங்களும் நிறைய. இதை அட்மிஷனுக்கு முன்பே கண்டுபிடிக்கலாம். ‘12 சாஃப்ட்வேர் கற்றுத் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்யும் இடத்தில் டிசைன் கற்றுத் தருவதில்லை, மெனு கற்றுத் தருகிறார்கள். ஒழுங்கான நாலு வருடப் படிப்பில் முதல் ஆண்டு முழுக்க அடிப்படை: கோட்டோவியம், வண்ணம், வடிவம், கையெழுத்து வடிவங்கள், அச்சுமுறைகள். யூசீட் தேர்விலேயே ‘பி’ பகுதி கையால் வரைந்து காட்டுவதுதான். முதல் வாரமே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஃபோட்டோஷாப் திறக்கும் இடம் அந்த அஸ்திவாரத்தைத் தாண்டிக் குதிக்கிறது.

லேபுக்குப் போனால் சாஃப்ட்வேரில் யார் பெயரில் லைசன்ஸ் என்று காட்டச் சொல்லுங்கள். கிராக் செய்த பழைய பதிப்பில் கற்றால் முதல் சிக்கல் வேலைக்குப் போன இடத்தில் வரும்: புதிய பதிப்பில் சேமித்த ஃபைல் உங்களிடம் முழுதாகத் திறக்காது, எழுத்துருக்கள் காணாமல் போகும், கிளவுட் லைப்ரரி என்றால் என்ன என்றே தெரியாது.

பிறகு ஆசிரியரிடம் ஒரு சின்ன வேலை கேளுங்கள். யூனிகோட் (எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறிமுறை) எழுத்துருவில், கேடமரனோ முக்த மலரோ எதுவானாலும் சரி, ஃபோட்டோஷாப்பில் ‘கொடை’ என்று தட்டச் சொல்லுங்கள். யூனிகோடில் ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் எழுத்தமைப்பு எஞ்சினின் வேலை. அந்த அமைப்பு இயங்காவிட்டால் கொம்பு இடம் மாறி, எழுத்து உடைந்து நிற்கும். புதிய பதிப்புகளில் அந்த அமைப்பு தானாகவே இயங்கும். அதற்கு முந்தையவற்றில் தெரிந்தவர் பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’டைத் தேர்ந்தெடுப்பார். இன்னும் பழைய பதிப்புகளில் அதன் பெயர் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’. இல்லஸ்ட்ரேட்டரில் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ குறியிட வேண்டும். இது அரை நிமிட வேலை. “யூனிகோட்லாம் ஃபோட்டோஷாப்ல வராது தம்பி, பாமினி போட்டுக்கோ” என்று யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவைக் காட்டுபவரிடம் தமிழ்நாட்டில் வேலை செய்யப்போகும் டிசைனர் என்ன கற்றுக்கொள்வார்?

அச்சு பற்றியும் அப்படியே. மாணவர் செய்த ஒரு புரோஷரின் அச்சு ஃபைலைக் காட்டச் சொல்லுங்கள், ஜேபெக் அல்ல. வெட்டும் ஓரத்துக்கு வெளியே 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டில் போவதற்கான கூடுதல் ஓரம்) இருக்கிறதா, படங்கள் அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது 300 பிபிஐ, இருக்கின்றனவா, கறுப்பு எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையின் கறுப்பை அப்படியே அச்சுக்கான நாலு மை முறையான சிஎம்ஒய்கேக்கு மாற்றினால் பொடி எழுத்துகூட நாலு பிளேட்டிலும் விழும். ஆஃப்செட் மெஷினில் பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமும் பூக்கும். சிவகாசியில் எந்த பிரஸ்ஸும் திருப்பி அனுப்பும் ஃபைல் அது. மூன்றாம் வருட மாணவருக்கே இது தெரியாதென்றால் அங்கே அச்சகப் பக்கம் யாரையும் கூட்டிப் போனதில்லை.

சுவரில் தொங்கும் மாணவர் போர்ட்ஃபோலியோக்களில் ஒரே காபி கோப்பை, ஒரே விசிட்டிங் கார்டு மாக்கப் (டிசைனைப் பொருத்திக் காட்டும் தயார்ப் படம்) திரும்பத் திரும்ப வந்தால் இரண்டு மூன்றை மொபைலில் படமெடுத்து கூகுள் லென்ஸில் தேடுங்கள். டெம்ப்ளேட் விற்கும் தளங்களில் மூலம் கிடைக்கும். முடிந்த வேலையைவிட ஸ்கெட்ச் புத்தகத்தைக் கேட்பது நல்லது. ஒரு லோகோவுக்கு முன்னால் நாற்பது கிறுக்கல்கள் இருந்தால் அந்த லோகோ அவருடையது.

‘அடோபி சர்டிஃபிகேட்’ என்பதிலும் வித்தியாசம் உண்டு. அடோபி சர்டிஃபைட் புரொஃபஷனல் என்பது சர்ட்டிபோர்ட் என்ற தேர்வு நிறுவனம் வழியாக நடக்கும் தேர்வு. சான்றை ஆன்லைனில் சரிபார்க்கலாம். சரிபார்க்க லிங்க் இல்லாமல் அடோபி லோகோ மட்டும் போட்ட காகிதம் அந்த இடத்து பிரிண்டரில் வந்தது. ‘100 சதவீதம் பிளேஸ்மென்ட்’ என்று பிராஸ்பெக்டஸில் இருந்தாலும், கையெழுத்து வாங்கும் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் ‘பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்’ என்று ஆகியிருக்கும். டி.டி.பி. சென்டருக்கோ ஃப்ளெக்ஸ் கடைக்கோ ஒரு இன்டர்வியூவுக்கு அனுப்பினால் அந்த வாக்கு நிறைவேறியதாகக் கணக்கு.

ஆறு மாத, ஒரு வருட டிப்ளமோவே கூடாது என்று சொல்லவில்லை. விளம்பர ஏஜென்சிகள் பலவற்றில் டிகிரியைக் கேட்பதே இல்லை, போர்ட்ஃபோலியோதான் பேசும். டிப்ளமோவை டிப்ளமோ என்ற பெயரில், அதற்கான விலையில் விற்றால் வாங்கலாம். டிகிரிதான் வேண்டும் என்றால் முதலில் பார்க்க வேண்டியது அரசுக் கவின்கலைக் கல்லூரிகளை. சென்னைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய ஓவியப் பள்ளியின் வழிவந்தது, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த இடம். கும்பகோணத்திலும் ஒன்று இருக்கிறது. தனியார் கட்டணத்தின் பக்கத்தில் வைத்தால் செலவு மிகக் குறைவு. ஆனால் இடங்களும் குறைவு, வரைந்து காட்டித்தான் நுழைய வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் முதலில் ஒரிஜினல் டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் திரும்ப வாங்குங்கள். யுஜிசியின் கீழ் வரும் உண்மையான கல்லூரியே ஒரிஜினல்களைப் பிடித்து வைக்கக் கூடாது. யுஜிசி 2018இல் அறிவித்த விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், 5 சதவீதத்துக்கோ 5,000 ரூபாய்க்கோ மேற்படாத செயல்முறைக் கட்டணம் போக, முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். பிறகு 90, 80, 50 சதவீதம் என்று இறங்கி, கடைசித் தேதி தாண்டி 30 நாள் போனால் ஒன்றுமில்லை. அந்தந்த ஆண்டு யுஜிசி வேறு தேதிகள் அறிவித்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கீகாரமே இல்லாத இடத்துக்கு இந்த விதி பொருந்தாது. ஆனால் அங்கே வேறு வழி திறக்கிறது. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, பயிற்சி மையங்கள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே மனுப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எதிர்த் தரப்பாக ரசீதில் உள்ள கம்பெனியின் பெயரைப் போடுங்கள். ஸ்கூல் பெயரை மட்டும் போட்டால் ‘அப்படியொரு நிறுவனமே இல்லை’ என்று நோட்டீஸ் திரும்பி வரும். கடன் கொடுத்த நிறுவனம் 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்னாலேயே கவுன்சலருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து, கோர்ஸ் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். புகார் போனது தெரிந்ததும் முதலில் மாறுவது அந்தப் பக்கம்தான். அடுத்ததாக உங்கள் நம்பர் பிளாக் ஆகும்.