அம்மா படம், 12க்கு 18: ஃபிரேமைப் பிரித்து மறுபடி மாட்டிய பிறகு

இறந்தவரின் படம் கருமாதிக்குள் வந்தாக வேண்டும், எந்த சைஸ், எந்த ஃபிரேம் என்று நண்பர் கேட்டார். மறைந்த எங்கள் அம்மாவின் 12க்கு 18 அங்குலப் படத்தையும் இப்போதுதான் பிரித்து, பிரிண்ட் மாற்றி மாட்டியிருக்கிறது.

ஃபிரேமில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலூர் மே மாத வெயிலைத் தாங்கிவிட்டது, மூலை விடவில்லை. படத்துக்குப் போட்ட எல்இடி விளக்கும் நல்லது. பழைய ஜீரோ வாட் பல்பு போலச் சூடாவதில்லை.

கோபமெல்லாம் முகத்தின் மேல்தான். முதல் பிரிண்டில் அம்மாவின் சுருக்கம் முழுவதையும் வழித்துவிட்டார்கள். மூக்குக் கண்ணாடி பதிந்த தழும்பு இல்லை, சிரித்தால் விழும் கோடு இல்லை. தூசி, கீறல் நீக்கும்போது ஒரு பக்க மூக்குத்தியும் சேர்ந்து போய்விட்டது. அரக்கு ஆரணிப் பட்டு ரோஸ் நிறமாகிவிட்டது. அந்த ஒரு படத்தை நம்பித்தானே பேரப்பிள்ளைகள் வளரப்போகிறார்கள்! ஸ்டுடியோவில் வாயால் சொன்னால் போதாது, ஆர்டர் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்: மடிப்பு, கறை, கீறல் மட்டும் எடுக்க வேண்டும்; முகத்தில் கை வைக்கக் கூடாது; தோல் நிறம் மாற்றக் கூடாது. பிரிண்ட் போடுமுன் திரையில் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, மூக்குத்தி, மச்சம், காது ஓட்டை மூன்றையும் அசல் படத்தோடு ஒப்பிடுங்கள்.

எந்த வயதுப் படம் என்பதில் எல்லா வீட்டிலும் வாக்குவாதம் வரும். அப்பாவுக்கு முப்பது வயது முகம், பிள்ளைகளுக்கு நடு வயது, பேரப்பிள்ளைகளுக்குப் பல் போன முகம். பெரிய படத்துக்குக் கடைசிக்கால முகத்தையே எடுங்கள். இளவயதுப் படம் 5க்கு 7இல் பக்கத்தில் இருக்கட்டும்.

4க்கு 6 போட்டோவை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600 பிக்சல். 12க்கு 18இல் அங்குலத்துக்கு 200 புள்ளி கிடைக்கும், முகம் தெளிவாக வரும். பாஸ்போர்ட் சைஸ் படம் மட்டும் இருந்தால் 1200இல் ஸ்கேன் செய்து, 8க்கு 10ஓடு நிறுத்துங்கள். அதற்கு மேல் இழுத்தால் படத்தில் கண் மங்கிப்போகும், அதை மறைக்கத்தான் வழவழப்பாக்குகிறார்கள்.

பிரிக்க வேண்டி வந்ததற்குக் காரணம் ஈரம். படம் கண்ணாடியை ஒட்டியே இருந்தது. ஈரச் சந்தனப் பொட்டு, பூமாலைத் தண்ணீர், ஈரத்துணி எல்லாம் கீழ் விளிம்பு வழியாக இறங்கும். லேப் பிரிண்டின் மேல் பூச்சு ஈரத்தில் ஊறிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிய்த்தால் முகம் கிழியும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துகொள்ள வேண்டியதுதான். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டை) வைக்கச் சொல்லுங்கள். பொட்டைச் சட்டத்தின் மேல் வையுங்கள். மாலையை ஃபிரேமில் மாட்டாமல், மேலே தனி ஆணியில் மாட்டுங்கள். பின்பக்கம் நாலு ஓரமும் டேப், கீழே இரண்டு ரப்பர் பொட்டு, சுவரில் ஒட்டாமல் காற்றுப் போக. மேற்கு வெயில் விழும் சுவர் வேண்டாம்.

தோற்றம், மறைவு எழுதுமுன் ஆதாரை அப்படியே பார்த்து எழுதாதீர்கள். அந்தத் தலைமுறையில் பலருக்கு ஜனவரி 1 என்றுதான் இருக்கும். தேதி தெரியாவிட்டால் வருடம் போதும். பின்பக்கம் தமிழ் மாதம், பிறை, திதி எழுதி ஒட்டுங்கள். திவசத்துக்கு அதுதான் வேண்டும், ஆங்கிலத் தேதி வருஷா வருஷம் தள்ளிப்போகும்.

இவ்வளவு நல்ல ஃபிரேமாக இருந்தும் 12க்கு 18 போடுங்கள் என்று சொல்ல இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. புது பிரிண்டில் மூக்குத்தி வந்துவிட்டது, சுருக்கமும் வந்துவிட்டது, புடவை நிறம் இன்னும் அரக்கு ஆகவில்லை. நீங்கள் 8க்கு 10 போடுங்கள். ஸ்கேன் ஃபைலைப் பென்டிரைவில் வாங்காமல் பாக்கிப் பணம் கொடுக்காதீர்கள்.